முட்டிவலி மாத்திரையும் ரயில்வே சார் வீட்டு நாயும்

இது நீளமான பதிவு. முட்டிவலி என்றால் என்னவென்றே தெரியாத இளவட்டங்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். வீட்டில் அம்மாவோ மாமியாரோ மாடிப்படியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்று கைப்பிடியைத் தேடுகிறவராக இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் எந்த மருந்துக்கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கண்ணாடி அலமாரியில் பால்மாவு டப்பாக்களுக்குப் பக்கத்திலேயே மூட்டு மாத்திரை டப்பாக்கள் அடுக்கியிருக்கும். சிப்காட்டில் எட்டு மணி நேரம், ஓவர்டைம் சேர்ந்தால் பன்னிரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்று வேலை பார்க்கிறவர்கள் வாங்குகிறார்கள். முப்பத்தைந்து வருடம் கரும்பலகை முன்னால் நின்ற என் வயதுக்காரர்கள் வாங்குகிறார்கள். சென்னைக்கு மின்சார ரயிலில் போய்வந்து நடைமேம்பாலப் படிகளில் முட்டியைத் தேய்த்தவர்கள் வாங்குகிறார்கள். இப்போது நாய் வளர்க்கிறவர்களும் வாங்குகிறார்கள். நாய்க்கென்றே தனி டப்பா, எலும்புத் துண்டு வடிவத்தில் மாத்திரை.

போன மாதம் மட்டும் மூன்று பேர் போனில் கேட்டார்கள். "டீச்சர், அந்த மாத்திரை நிஜமாகவே வேலை செய்யுதா?" நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தியவள். ஆனால் ஒரு விஷயத்தைக் கேட்டால் தேடிப் படித்துவிட்டுச் சொல்வது பழகிப் போய்விட்டது. என் அண்ணன் மகள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறாள். எனக்குப் புரியாத ஆங்கிலக் கட்டுரைகளை அவள்தான் போனில் விளக்கிச் சொன்னாள். அதனால் இதில் சரியாக இருப்பதில் பாதிப் புண்ணியம் அவளுக்கு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். மூட்டுத் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. காலையில் எழுந்ததும் விரல்களெல்லாம் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல், இரண்டு கையிலும் ஒன்றுபோல வலித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும். தள்ளிப் போட்டால் மூட்டே கோணிவிடும். நான் இங்கே பேசுவது வயதாலும் எடையாலும் உழைப்பாலும் வரும் தேய்மானத்தைப் பற்றி மட்டும். குதிரைக்கும் நாய்க்கும் நமக்கும் பொதுவாக வருவது அதுதான்.

மாத்திரையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் இரண்டு பெயர்கள். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின். குளுக்கோசமைன் ஒரு வகைச் சர்க்கரை. நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பைக் கட்டுவதற்கு அது தேவை. காண்ட்ராய்டின் அந்தக் குருத்தெலும்பின் ஒரு பகுதி. தண்ணீரைப் பிடித்து வைத்து மெத்தை போல இருக்க உதவுவது.

கடையில் விற்கிற குளுக்கோசமைன் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும். பழவேற்காட்டுப் பக்கம் உறவு இருப்பவர்களுக்கு இறால் உரிக்கிற இடத்தின் வாடை சொல்லாமலே தெரியும். தலையும் ஓடும் கழிவாகக் குவியும். அந்த ஓட்டில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. 1876-இல் ஜெர்மனியில் லெடர்ஹோஸ் என்பவர் கைட்டினை அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கியபோது கிடைத்ததுதான் குளுக்கோசமைன். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டின் எடுக்கும் முறைகளில் பல வருடமாக வேலை செய்திருக்கிறது. குப்பையில் போகிறதைக் காசாக்குவது நல்ல தொழில்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காண்ட்ராய்டின் மாட்டின் மூச்சுக்குழல் குருத்தெலும்பு, பன்றி, சுறா இவற்றிலிருந்து எடுக்கப்படுகிறது.

திருவள்ளூரில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்காத வீடு, இரண்டு வருடமாக இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார். நான் சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள் மாமி என்று மட்டும் சொன்னேன். மக்காச்சோளத்தை வைத்து நொதிக்கச் செய்து எடுக்கிற சைவ வகையும் வருகிறது. சைவம் மட்டுமல்ல, இறால் நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, வேலை செய்கிறதா?

வாயில் போட்ட குளுக்கோசமைன் நேராக முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். வீட்டு வாசலில் ஒரு லோடு மணலைக் கொட்டிவிட்டால் சுவர் தானாக எழும்பாது, கொத்தனார் வேண்டும். குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நாம் நடக்கும்போது, மடக்கி நீட்டும்போது, பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி அது உணவை இழுத்துக்கொள்கிறது. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே, "அப்போ நடந்தாத்தான் மூட்டுக்குச் சோறா டீச்சர்?" என்று கேட்பார்கள். ஆமாம்.

ஆனால் இப்படி யோசித்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். பெரிதாகச் சோதித்தும் இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் பணத்தில் நடந்து, 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு அது. முட்டித் தேய்மானம் உள்ள 1583 பேர். ஐந்து குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குளுக்கோசமைன், இன்னொன்றுக்குக் காண்ட்ராய்டின், மூன்றாவதுக்கு இரண்டும் சேர்த்து, நான்காவதுக்கு செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை, ஐந்தாவதுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

இது ஏன் என்று ஆசிரியர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பொதுத்தேர்வு விடைத்தாளில் பையனின் பெயரை மறைத்து டம்மி நம்பர் போட்டுத்தானே நம் கைக்குக் கொடுக்கிறார்கள்? எவ்வளவு நேர்மையான ஆசிரியராக இருந்தாலும், தன் மகன் தாள் என்று தெரிந்தால் பேனா இரண்டு மார்க் கூடத்தான் போடும். அவர் திருடர் என்று அர்த்தமில்லை, மனசு அப்படி. வலி விஷயத்திலும் அதே கதைதான். 1,200 ரூபாய் கொடுத்து வாங்கிய மாத்திரைக்கு நம் முட்டி இரண்டு மார்க் கூடப் போடும்.

24 வாரம் கழித்துப் பார்த்தார்கள். வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தால் பாஸ். குளுக்கோசமைன் குழுவில் 64 சதவீதம் பேர் பாஸ். காண்ட்ராய்டின் குழுவில் 65.4. இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6. இதை மட்டும் எடுத்து விளம்பரம் போட்டால் எப்படி இருக்கும்! "மூன்றில் இரண்டு பேருக்குக் குணம்!" ஆனால் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60.1 சதவீதம் பேர் பாஸ். செலிகாக்சிப் குழு 70.1. கணக்குப் போட்டுப் பார்த்தால் வெறும் மாத்திரையைத் தெளிவாக முந்தியது செலிகாக்சிப் ஒன்றுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே ஆய்வில் வலி அதிகமாக இருந்த சிறு குழுவில், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 79.2 சதவீதம் பேர் பாஸ், வெறும் மாத்திரையில் 54.3. விற்கிறவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். ஆய்வு செய்தவர்களே இதை இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும் என்றுதான் எழுதினார்கள். அதற்கு முன் 2001-இல் ஐரோப்பாவில் 212 பேரை மூன்று வருடம் பார்த்து, குளுக்கோசமைன் சல்பேட் நல்லது என்று ஓர் ஆய்வு வந்திருந்தது. மாத்திரை தயாரிக்கிற கம்பெனியின் ஆதரவோடு நடந்தது அது. பிறகு 2010-இல் பத்து ஆய்வுகளை, மொத்தம் 3803 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, நோயாளிக்கு உணரும்படியான பலன் இல்லை என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 2019-இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் முட்டிக்குக் குளுக்கோசமைனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது. காண்ட்ராய்டினுக்குக் கைவிரல் மூட்டில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னபோதுதான் எங்கள் தெருவில் இருக்கும் ரயில்வே சார் என்னை மடக்கினார். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், எல்லோரும் ரயில்வே சார் என்றே கூப்பிடுகிறோம். அவர் வீட்டில் பதினொரு வயதில் ஒரு லாப்ரடார். பின்னங்கால் இரண்டும் விறைத்துப்போய், எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் எடுக்கும்.

"டீச்சரம்மா, மனுஷனுக்கு நம்பிக்கையில குணமாகுதுன்னு சொல்றீங்க, சரி. என் நாய் விளம்பரம் பாக்குதா? அதுக்கு மாத்திரை எது, பிஸ்கட் எதுன்னே தெரியாது. ஒன்றரை மாசமா கொடுக்கிறேன், இப்ப நல்லா நடக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, நாய்க்கு நம்பிக்கை கிடையாது. ஆனா நாய் நல்லா நடக்குதான்னு மார்க் போடுறது யாரு?" என்றாள்.

அப்புறம் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 2012-இல் வந்தது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டுகிற 58 நாய்கள். எல்லாமே வெறும் மாத்திரை சாப்பிட்ட குழு. நாய் நடக்கும்போது ஒவ்வொரு காலையும் எவ்வளவு பலமாக ஊன்றுகிறது என்று தரையில் பதித்த ஒரு தட்டு அளக்கும், எடை மெஷின் மாதிரி. அந்த அளவில் முன்னேற்றம் இல்லாதபோதும், பத்துக்கு ஏறக்குறைய நான்கு முறை நாயின் சொந்தக்காரர்கள் "பரவாயில்லை, தேறியிருக்கிறது" என்று சொன்னார்கள். அதைவிட ஆச்சரியம், கால்நடை மருத்துவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு அப்படித்தான் சொன்னார்கள். படித்தவர் படிக்காதவர் வித்தியாசமே இல்லை. பாசம் வைத்தவரும் பார்த்துக்கொள்கிறவரும் மார்க்கைக் கூட்டிப் போடுகிறார்கள். அங்கே பொய் சொல்லாத ஒரே பரிசோதகர் அந்தத் தட்டுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. தேய்மான வலி ஒரே அளவில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஏறும், பிறகு இறங்கும். கல்யாண வீட்டில் நின்றால் ஏறும், நான்கு நாள் படுத்தால் இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்துக்கடைக்குப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தானே? அந்த இறக்கத்தின் பேரை மாத்திரை தட்டிக்கொண்டு போய்விடும்.

2022-இல் நாய், பூனைகளுக்கான இப்படிப்பட்ட சத்து மாத்திரைகள், சிறப்பு உணவுகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புக்கு நல்ல மார்க். குளுக்கோசமைன், காண்ட்ராய்டினுக்கு முட்டை. தேய்மான வலிக்கு இவற்றை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறார்கள்.

நாய்க்கு வேறு என்னதான் செய்வது என்று கேட்டேன். "சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்க அத்தை" என்றாள். 48 லாப்ரடார் குட்டிகளை வைத்து வாழ்நாள் முழுக்க நடத்திய ஓர் ஆய்வு 2002-இல் வந்ததாம். ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று சாப்பிடுவதில் கால் பங்கு குறைத்து இன்னொன்றுக்குக் கொடுத்தார்கள். அரைவயிற்றுக் குட்டிகளுக்குத் தேய்மானம் தாமதமாக வந்தது. ஆயுளும் நடுவாக 13 வருடம். வயிறு நிறையத் தின்றவற்றுக்கு 11.2 வருடம். இத்தனைக்கும் ஆய்வை நடத்தியது நாய்த்தீனி விற்கிற கம்பெனி!

ரயில்வே சார் வீட்டு நாய்க்குக் காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் தயிர் சாதம், மாலை டீ நேரத்தில் ரஸ்க், ராத்திரி தனியாக அதன் சாப்பாடு. அந்த ரஸ்க்கைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "சாயங்காலம் எங்கூட டீ குடிக்கிற ஒரே ஆள் அதும்மா" என்றார். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குமேல் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. ரஸ்க்குக்குப் பதிலாக இப்போது ஒரு துண்டு கேரட் போடுகிறாராம். கேரட்டை அது முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறதாம்.

நாய் வளர்ப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. மனிதருக்கான வலி மாத்திரையை, பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் பாவம் என்று பார்த்துப் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்குக் குடலும் சிறுநீரகமும் போய்விடும், பூனைக்கு ஒரு பாரசிட்டமாலே எமன். டைக்ளோஃபினாக் என்றதும் கழுகு ஞாபகம் வருகிறது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட அந்த ஊசி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ஒரு மாட்டின் மூட்டுவலி எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

குதிரைக் கதை சுருக்கமாக. நம் பக்கம் குதிரை என்றால் மெரினா கடற்கரையில் சவாரிக்கு நிற்பதும், கிண்டி ரேஸ் மைதானத்தில் ஓடியதும்தான். ஓடுகிற குதிரைக்கு மூட்டு போனால் அதன் வாழ்க்கையே முடிந்த மாதிரி. அதனால் உலகம் முழுக்கக் குதிரைக்காரர்கள் இந்தப் பொடிகளைக் கிராம் கணக்கில் தீனியோடு கலந்து கொட்டுகிறார்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் குதிரையின் வயிற்றுக்குள் விட்ட குளுக்கோசமைனில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 6 சதவீதம்தான். அதிலும் மூட்டு நீரை எட்டியது இன்னும் சொற்பம். மீதியெல்லாம் லாயத்துச் சாணியில். 2009-இல் கனடா ஆய்வாளர்கள் இருவர் குதிரைகளை வைத்து நடந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, நம்பத் தகுந்த தரத்தில் ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். குதிரைக்கு இதே வகைப் பொருளை ஊசியாகப் போடும் சிகிச்சை ஒன்று உண்டு, அது வேறு. அதை டாக்டர்தான் தீர்மானிப்பார். வாயில் போடுகிற பொடிக்கு அந்த ஊசியின் பேரைச் சொல்லி விற்பதுதான் வியாபாரத் தந்திரம்.

இப்போது எனக்கு மனசில் உறுத்தலாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன். இப்போது சிப்காட்டில் ஒரு உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை இருக்கிற நாளுக்குத்தான் கூலி. அவன் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. இருபது வருடம் நாற்று நட்டவர், பிறகு ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்தவர். யாரோ தெரிந்தவர் சொல்லி, சங்கிலித் தொடர் வியாபாரத்தில் விற்கிற மூட்டுப் பொடி டப்பா ஒன்றை மாதம் 1,400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆறு மாதமாக. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே வீட்டில் அவன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், டியூஷன் பணம் இரண்டு மாதமாக நிலுவை.

"அம்மாவுக்குச் செய்யலைன்னா வேற யாருக்கு டீச்சர் செய்யப்போறேன்?" என்றான். இந்த வியாபாரம் நிற்பதே இந்த ஒரு வரியின் மேல்தான். கொடுக்காமல் இருந்தால் பாவம் செய்கிற மாதிரி இருக்கும். பிள்ளையின் பாசத்துக்கு மாதத் தவணை போட்டு வசூல் செய்கிறார்கள்.

டப்பாவைத் திருப்பி அவனுக்கே படித்துக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் பொடி எழுத்தில், இது மருத்துவப் பயன்பாட்டுக்கானது அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. நம் நாட்டில் இவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிகளில் வருகிற சத்துப் பொருட்கள். அந்த வாசகத்தைப் போட்டே ஆக வேண்டும். முன்பக்கம் ஓடுகிற மனிதன் படம், பின்பக்கம் மருந்தல்ல என்ற வாக்குமூலம். அவன் இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்ப எதுக்கு டீச்சர் விக்கிறாங்க?" என்றான்.

அந்த அம்மாவிடம் பொடியை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதைச் சாப்பிட்ட பிறகு எதைச் செய்ய முடியுது, முன்னாடி எதைச் செய்ய முடியாம இருந்துச்சு?" அவர் வெகுநேரம் யோசித்தார். "எழுந்திரிக்கிறப்போ இன்னும் சுவத்தைப் புடிச்சிக்கிட்டுதாம்மா எழுந்திரிக்கிறேன்" என்றார். தெலுங்கு கலந்த தமிழில்தான் பேசுவார், எங்கள் எல்லைப் பக்கத்து வழக்கம் அது.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வரச் சொன்னேன். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் சர்க்கரை, பி.பி. மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதற்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுக்கிறார்கள். காசு கிடையாது. கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் ஒரு பெண் வந்தார். தொடையின் முன்பக்கத் தசைதான் முட்டிக்குத் தாங்குகோல் என்று சொல்லி, மூன்றே மூன்று பயிற்சி கற்றுக்கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடிப்பது. படுத்துக்கொண்டு காலை மடக்காமல் ஒரு சாண் தூக்குவது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. அத்துடன் அரிவாள்மணையை மேசைக்கத்தியாக மாற்றுவது, தரையில் குந்தி உட்காருவதைக் குறைப்பது.

எடையைப் பற்றியும் அந்தப் பெண் சொன்னார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறதாம். 2005-இல் வந்த ஆய்வுக் கணக்கு இது என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். ரயில்வே சாரிடம் சொன்னேன். அவர் நாயைப் பார்த்தார், பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

என் முட்டிக்கு வருகிறேன், கேட்பீர்கள். இடது முட்டி எனக்கும் தேய்மானம்தான். டாக்டர் சீட்டில் இந்த மாத்திரையையும் எழுதியிருந்தார். "இது கட்டாயமா சார்?" என்று கேட்டேன். "சாப்பிட்டாலும் தப்பில்லை, விட்டாலும் தப்பில்லை" என்றார். நல்ல மனிதர், கேட்டால் உள்ளதைச் சொல்கிறார். விட்டுவிட்டேன். வலி கூடும் நாளில் மேலே தடவுகிற ஜெல், அவர் சொன்ன அளவில். தினமும் காலையில் அந்த மூன்று பயிற்சி. அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போய்க் குளத்தில் வெல்லம் கரைப்பதும் உண்டு. வெல்லம் கரைகிற மாதிரி நோய் கரையும் என்பது நம்பிக்கை. கொஞ்சம் வெல்லத்துக்கு என்ன செலவு ஆகிவிடும், குளத்தைச் சுற்றி நடக்கிற நடையும் சேரும். முடக்கத்தான் தோசையும் சாப்பிடுகிறேன், அது ருசிக்காக.

மாத்திரை சாப்பிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களை நான் கெடுக்க வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இது பெரிய கெடுதல் செய்வதில்லை. கையில் பணமும் இருந்தால் அது உங்கள் விருப்பம். ஆனால் இதயத்தில் வால்வு மாற்றியோ வேறு காரணத்துக்கோ வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் குளுக்கோசமைன் தொடக்கூடாது, ரத்தம் அளவுக்கு மேல் இளகிவிட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம்தான் தெரிந்தது, அன்றே டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். பேர் தெரியாத லேகியம், பொட்டலப் பொடி சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். அவ்வளவு வேகமாக வேலை செய்தால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சர்க்கரை எகிறும், முகம் உப்பும், எலும்பு வலுவிழக்கும்.

தேய்மானம் முற்றி, ராத்திரி தூக்கமே போகிற அளவுக்கு வலி இருந்தால் மாத்திரையும் பயிற்சியும் போதாது. எலும்பு டாக்டரைப் பாருங்கள். திருவள்ளூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது, எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. முட்டி மாற்றும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டுத்தான் நம் ஆட்கள் டப்பா வாங்குகிறார்கள்.

அந்தப் பையன் டப்பாவை நிறுத்திவிட்டான். 1,400 ரூபாயில் ஒரு கைப்பிடி வைத்த நாற்காலி வாங்கினான், மீதி டியூஷனுக்குப் போனது. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். அந்த அம்மா வாசலில் நாற்காலியைப் போட்டு, சுவரைப் பிடிக்காமல் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். வலி போய்விட்டதா என்று கேட்டேன். "வலி இருக்குதும்மா, அது எங்க போவும்" என்றார். பேத்தி பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் தமிழில் எட்டு சொல்லும்போது பாட்டி தெலுங்கில் ஏடுதான் சொன்னார். ஒன்று குறைத்து எண்ணுகிறாயா பாட்டி என்று அவள் கேட்க, இல்லை, நீதான் ஒன்று தாண்டிவிட்டாய் என்று இருவருக்கும் சண்டை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.